நெல்வயலில் தூக்கணாங்குருவியும் சில்லையும்: சேதமும் சகாயமும்

செங்கற்பட்டு ஜில்லாவில் நெற்கதிர் பால் பிடிக்கும் நாட்களில் விவசாயிகள் கூறும் முறையீடுகளுள் குருவிச் சேதமும் ஒன்றாகும். மதுராந்தகம், செய்யூர் ஆகிய ஏரிப் பாசனக் கிராமங்களிலும், திருப்போரூர் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடலோர மணற்பாங்கான நிலங்களிலும் சிறு குருவிகள் கூட்டங்கூட்டமாய் வந்து கதிரில் அமர்வதைக் காணாதவர் இலர். சில விவசாயிகள் இவற்றைப் பெருஞ் சத்துருக்களாகக் கருதி விஷம் வைக்கவும் கூடு அழிக்கவும் முற்படுகின்றனர். வேறு சிலர், வாயில்லாப் பிராணிகள் தின்பது எவ்வளவு என்று அசட்டையாய் இருந்து, தடுக்கக்கூடிய நஷ்டத்தையும் தடுக்காது விடுகின்றனர். இவ்விரண்டும் சரியான மார்க்கமல்ல. குருவி இன்னதென்று அறிந்து, அதனால் உண்டாகும் சேதத்தை அளந்து, அதற்குத் தக்க செலவில் காவல் செய்வதே விவேகமாகும்.

1. வயலுக்கு வரும் இனங்கள்

கதிரில் அமரும் சிறு பறவைகள் அனைத்தையும் பொதுவாகக் குருவி என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆயினும் அவற்றுள் முக்கியமானவை மூன்று வகை.

முதலாவது தூக்கணாங்குருவி. இது சுமார் 15 செண்டிமீட்டர் நீளமுள்ளது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் குருவியின் உச்சியும் மார்பும் பிரகாசமான மஞ்சள் நிறமாயும், முகம் கருமை கலந்த பழுப்பு நிறமாயும் இருக்கும். அக்காலம் முடிந்ததும் ஆண் தன் மஞ்சள் நிறத்தை இழந்து, பெண்ணைப் போலவே மங்கிய நிறத்தை அடைகிறது. அப்போது அதற்கும் ஊர்க்குருவிக்கும் வித்தியாசம் எளிதில் தெரியாது. தை மாதத்தில் சம்பா கதிரில் கூட்டமாய் விழுபவை ஊர்க்குருவிகள் என்று பலர் எண்ணுவது இதனாலேயாம். ஏரிக்கரைச் சம்பங்கோரைகளில் கூடு கட்டும் கீற்றுத் தூக்கணாங்குருவி இதன் நெருங்கிய உறவினம். அதன் மார்பில் கருங்கீற்றுகள் இருக்கும்.

இரண்டாவது சில்லை. இதனைத் தினைக்குருவி என்றும் நெல்லுக்குருவி என்றும் கூறுவர். இது தூக்கணாங்குருவியிலும் சிறியது. பருத்துக் கூம்பிய அலகுடையது. மார்பில் செதில் போன்ற புள்ளிகளையுடைய புள்ளிச் சில்லை, கருந்தலையும் வெண்மார்பும் உடைய கருந்தலைச் சில்லை, முதுகின் அடியில் வெண்மையுடைய வெண்முதுகுச் சில்லை, வெளிறிய நிறமும் கருத்த கூர்வாலும் உடைய வெண்தொண்டைச் சில்லை ஆகியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை.

மூன்றாவது வீடுகளையொட்டி வாழும் ஊர்க்குருவி. இதனைச் சிட்டுக்குருவி என்றும் சொல்வர். இது பெரும்பாலும் களத்திலும் தெருவிலும் சிந்திய தானியத்தைப் பொறுக்குவது. ஊரையடுத்த வயல்களில் மட்டும் கதிரில் விழும்.

2. தூக்கணாங்குருவியின் கூடும் வாழ்க்கையும்

தூக்கணாங்குருவியைத் தமிழர் மிகப் பழங்காலந்தொட்டே அறிவர். புறநானூற்றிலும் குறுந்தொகையிலும் அதன் கூடு உவமையாக எடுத்தாளப்பட்டிருக்கிறது. மழையில் நனைந்த குரங்கிற்குப் புத்தி கூறித் தன் கூட்டை இழந்த குருவியின் கதையை விவேக சிந்தாமணி வாயிலாகச் சிறுவரும் கேட்டிருப்பர்.

தென்மேற்குப் பருவக்காற்றின் மழை தொடங்கிப் புல்லும் பயிரும் தழைக்கும்போது இக்குருவி கூடு கட்டத் தொடங்கும். பனை, தென்னை, ஈச்சன், கருவேல் முதலிய மரங்களில், கூடியவரை நீருக்கு மேலாகத் தொங்கும் கிளையையோ மட்டையையோ தேர்ந்தெடுக்கும். மேல்காற்று நேரே தாக்காத கீழ்த்திசைப் பக்கத்தில் கூடுகள் மிகுந்திருப்பதைப் பனந்தோப்புகளில் பார்க்கலாம். நெற்பயிரின் தாள், முரட்டுப் புல், பனை தென்னைகளின் ஓலை இவற்றிலிருந்து நீண்ட நார்களைக் கிழித்தெடுத்து ஆண் குருவியே பின்னுகிறது. ஒரு கூட்டிற்கு அது சில நூறு தடவை பறந்து சென்று நார் கொண்டுவர வேண்டும்.

கூடு பாதி முடிந்து, தலைக்கவசம் கவிழ்த்தாற்போல் இருக்கும் நிலையில் பெண் குருவிகள் வந்து பார்வையிடும். பெண்ணுக்குப் பிடித்தால் மட்டுமே ஆண் அக்கூட்டின் முட்டையறையையும் கீழ்நோக்கித் தொங்கும் வாயிற் குழலையும் முடிக்கும். பிடிக்காத கூடு பாதியிலேயே விடப்படும். ஒரு பெண் குடியேறியதும் அதே ஆண் வேறொரு கூட்டைத் தொடங்கி மற்றொரு பெண்ணை அழைக்கும். இவ்வொழுங்கைப் பம்பாயை அடுத்த கிஹிம் என்னும் கடற்கரைக் கிராமத்தில் பார்த்து அறிந்து, 1931-ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதி வெளியிட்டவர் பறவை நூல் வல்லுநர் சாலிம் அலி ஆவார். ஆகவே மரத்தில் பாதிக் கூடுகள் பல தொங்குவதைக் கண்டு, அத்தனை ஜோடிகள் அங்கு வாழ்கின்றன என்று கணக்கிடுவது பிசகாகும்.

பெண் குருவி இரண்டு முதல் நான்கு வெண்முட்டைகள் இட்டு, சுமார் இரண்டு வாரங்கள் அடைகாக்கும். கூட்டின் உட்புறத்தில் ஈரமண் அப்பியிருப்பதைக் கண்டு, குருவி மின்மினியைப் பிடித்து அம்மண்ணில் பதித்து விளக்காக்கிக்கொள்கிறது என்று சொல்வதுண்டு. அது கதையே; மண் இருப்பது மட்டும் உண்மை. காற்றில் கூடு மிகுதியாய் ஆடாதபடி அது பாரமாக உதவும் என்பர்.

கைவிடப்பட்ட கூடுகளும் வீணாவதில்லை. வெண்தொண்டைச் சில்லை அவற்றைத் தன் இருப்பிடமாக்கிக்கொள்ளும்.

3. ஆகாரம்

இக்குருவிகளின் முக்கிய ஆகாரம் புல்விதைகளும் தானியங்களும் ஆகும். நெல்லும் ஒரு புல்லினமாகையால் அது விலக்காகாது. ஆயினும் குருவி வருஷம் முழுவதும் நெல்லைத் தின்று வாழ்வதில்லை. வயலில் கதிர் இல்லாத மாதங்களில் வரப்பிலும் தரிசிலும் உள்ள களைப்புற்களின் விதையே அதன் உணவு. நெல்வயலில் பெருங்களையாகிய காட்டுக் குதிரைவாலி முதலிய புற்களின் விதைகளையும் இவை உண்கின்றன. இது ஓர் உபகாரம்.

மற்றோர் உபகாரம் இதனினும் கவனிக்கத்தக்கது. தூக்கணாங்குருவிக் குஞ்சு தானியத்தை மட்டும் தின்று வளராது. தாய்க்குருவி வெட்டுக்கிளி, கம்பளிப்புழு, வண்டு, ஈசல் முதலியவற்றைப் பிடித்துவந்து அதற்கு ஊட்டும். குஞ்சுகள் கூட்டிலிருக்கும் ஆடி முதல் ஐப்பசி வரையுள்ள நாட்களே சம்பாப் பயிர் இளம்பயிராய் நின்று இலைதின்னும் பூச்சிகளுக்கு இரையாகும் நாட்களுமாகும். அப்போது வயலுக்கு வரும் குருவி பயிருக்குத் துணைவன்.

பிறகு குஞ்சுகள் பறந்து, குடும்பங்கள் பல ஒன்றுகூடிப் பெருங்கூட்டமாகி, மார்கழி தை மாதங்களில் அதே சம்பாக் கதிரில் வந்து விழும். புழுவைத் தின்றதை விவசாயி பார்ப்பதில்லை; கதிரைத் தின்பதை மட்டும் பார்க்கிறான். இதனால் பற்றுப் பக்கம் முழுவதும் எழுதப்பட்டு, வரவுப் பக்கம் வெறுமையாய் விடப்பட்ட கணக்கைப் போல் குருவியின் கணக்கு ஆகிவிடுகிறது. இதனைச் சொல்வது, சேதமே இல்லையென்று சாதிப்பதற்காக அன்று. சேதம் உண்டு, சிற்சில வயல்களில் அது அதிகமாகவும் உண்டு. எந்த வயல்களில், எப்போது, ஏன் என்பதே அறியவேண்டுவது.

4. சேதத்தை அறிந்து அளக்கும் முறை

கதிர் பதராகிக் கிடந்தால் அது குருவியின் வேலையென்று உடனே முடிவு செய்தல் கூடாது. பின்வரும் அடையாளங்களைக் கொண்டு வேறுபாடு அறியலாம்.

தண்டுத் துளைப்பான் புழுவினால் கதிர் முழுவதும் வெளுத்து நிமிர்ந்து நிற்கும். இழுத்தால் எளிதில் கையோடு வந்துவிடும். கதிர்நாவாய்ப் பூச்சி சாறு உறிஞ்சிய மணியில் பழுப்புப் புள்ளி காணும், உமி உடைந்திராது. எலி தூரை அடியில் சாய்வாக வெட்டிச் சாய்க்கும். குருவி பால்மணியை அலகால் பிதுக்கி உறிஞ்சினால், உமி நசுங்கிப் பிளந்து, வழிந்த பால் கதிரில் வெண்மையாய்க் காய்ந்திருக்கும். முற்றிய மணியைத் தின்றால் உமியின் இரு பாதிகளும் கதிரின் கீழ் உதிர்ந்து கிடக்கும். கதிர்க்காம்பு வளைந்தோ ஒடிந்தோ இருக்கும்.

அடுத்து அளவு. குருவி வரப்போரத்திலேயே மிகுதியாய் விழும். வரப்பில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் படுவதும் அவ்வோரமே. ஆகையால் கண்மதிப்பு எப்போதும் அதிகமாகவே இருக்கும். ஓரத்தில் ஐந்து இடங்களிலும், நடுவில் ஐந்து இடங்களிலும், இடத்திற்குப் பத்துக் கதிர்களாக எடுத்து மொத்த மணிகளையும் சேதமான மணிகளையும் எண்ணவேண்டும்.

உதாரணமாக, ஓரக் கதிர்களில் நூற்றுக்கு 8 மணியும், நடுக் கதிர்களில் நூற்றுக்கு 1 மணியும் சேதமானதாகக் கொள்க. பக்கம் 209 அடியுள்ள சதுரமான ஓர் ஏக்கர் வயலில், சுற்றிலும் 10 அடி அகலமுள்ள ஓரம் ஏறக்குறைய மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்காகும். எனவே சராசரிச் சேதம், 8-ல் ஐந்தில் ஒரு பங்காகிய 1.6-ம், 1-ல் ஐந்தில் நான்கு பங்காகிய 0.8-ம் சேர்ந்து நூற்றுக்கு 2.4 ஆகும். ஏக்கருக்கு 2,000 கிலோ விளையும் வயலில் இது 48 கிலோ. ஓரத்தை மட்டும் பார்த்தவர் 160 கிலோ நஷ்டமென்று எண்ணியிருப்பார்.

கால் ஏக்கர் சதுர வயலில் அதே 10 அடி ஓரம் பரப்பில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மேற்படும். அதனால் சிறு வயலுடையோரின் நஷ்ட விகிதம் பெரிய வயலுடையோருடையதைவிட அதிகம். குருவியைக் குறித்துச் சிறு விவசாயி கூறும் முறையீட்டை மிகையென்று தள்ளிவிடலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

5. ஒரே காலத்தில் சாகுபடி செய்தல்

குருவிச் சேதத்தைக் குறைக்கும் வழிகளுள் செலவில்லாததும் சிறந்ததும் ஊரார் அனைவரும் ஒரே காலத்தில் நடவு செய்தலாகும். இதன் பலனை ஒரு கணக்கால் விளக்கலாம்.

ஓர் ஊரைச் சுற்றி ஆயிரம் குருவிகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 5 கிராம் நெல்லைத் தின்பதாகவும் கணக்கிற்காக வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 5 கிலோவும், இருபது நாட்களில் 100 கிலோவும் ஆகும். அவ்வூரில் 50 ஏக்கர் ஒருங்கே கதிர் பிடித்திருந்தால் ஏக்கருக்கு 2 கிலோ நஷ்டம். ஒருவருடைய ஓர் ஏக்கர் மட்டும் முன்னதாகவோ பின்னதாகவோ கதிர் பிடித்திருந்தால் 100 கிலோவும் அவர் ஒருவர் தலையில் விழும். அது கால் ஏக்கரேயாயின், விளையும் 500 கிலோவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். சிந்தி விழுவது இதற்கு மேலாகும். குருவியின் பசி ஒன்றே. அதைப் பங்கிட்டுக்கொள்ளும் வயல்கள் பலவா, ஒன்றா என்பதே வித்தியாசம்.

முற்காலத்தில் ஏரி மதகு திறந்தபின்பே ஊரார் அனைவரும் ஒருங்கே நாற்று விட்டனர். கிணறுகளில் பம்புசெட்டு வந்தபின் அவரவர் வசதிப்படி நடவு செய்வதால், ஒரே ஊரில் ஒரு வயல் பால் பிடிக்க, அடுத்தது தூர் கட்டும் நிலையில் இருக்கின்றது. சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய ஒவ்வொரு போகத்திலும், ஒரே வயதுடைய ரகங்களை ஏறக்குறைய ஒரு வார இடைவெளிக்குள் நடுவதென்று ஏரிப் பாசன விவசாயிகள் கூடி ஏற்பாடு செய்துகொள்ளுதல் நலம். குறுகிய வயதுடைய ரகத்தைத் தனித்து நடவேண்டி நேர்ந்தால், சீமைக் கருவேல் புதரையோ குருவி அடையும் கோரைப் பள்ளத்தையோ அடுத்த வயலை அதற்குத் தேர்ந்தெடுத்தல் கூடாது.

6. காவல் முறைகள்

நெல் பூத்ததிலிருந்து அறுவடைக்குச் சுமார் முப்பது நாட்கள் ஆகும். அவற்றுள் பால் பிடிக்கும் நாட்களே மிக முக்கியமானவை. குருவிகள் காலையில் வெளிச்சம் கண்டது முதல் வெயில் ஏறும் வரையிலும், மாலையில் வெயில் தாழ்ந்தபின்பும் மிகுதியாய் மேயும். நாள் முழுவதும் ஓர் ஆளை நிறுத்துவதைவிட, இவ்விரு வேளைகளில் தவறாமல் காவலிருப்பது செலவு குறைந்தது, பயன் மிகுந்தது.

காவற் கருவிகள் இந்நாட்டிற்குப் புதியனவல்ல. தினைப்புனங் காத்த மகளிர் பரண்மீதிருந்து தட்டை, தழல், குளிர் என்னும் ஒலிக்கருவிகளாலும் கவண்கல்லாலும் கிளியோட்டியதைச் சங்க நூல்கள் கூறும். இக்காலத்தில் தகர டப்பா, மணி, பொம்மை, பளபளக்கும் நாடா முதலியவை வழங்குகின்றன. ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் வெள்ளிப் பளபளப்புமுள்ள நாடாவைப் பயிருக்கு ஒரு முழம் மேலாக, வயலின் குறுக்கே கழிகளில் சற்று முறுக்கிக் கட்டினால், அது வெயிலில் மின்னிக் காற்றில் ஒலித்துக் குருவியை வெருட்டும்.

எக்கருவியாயினும் ஒரு விதியை மறத்தலாகாது. ஒரே இடத்தில் ஒரே மாதிரியாய் இருக்கும் பொருளுக்குக் குருவி சில நாட்களில் பழகிவிடும்; பின்னர் அப்பொம்மையின் தலையிலேயே வந்து அமரும். ஆகையால் நாற்றங்காலிலேயே பொம்மையை நட்டுவிடாமல், கதிர் பால் பிடிக்கத் தொடங்கும்போது நட்டு, இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை இடம் மாற்ற வேண்டும். நாடா, ஒலி, ஆள் காவல் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கையாள வேண்டும்.

கரிச்சான் முதலிய பூச்சிதின்னும் பறவைகள் அமர்வதற்காக இளம்பயிரில் நடும் பறவைத் தாங்கிகள் மிக நல்லவை. ஆயினும் கதிர் வெளிவந்ததும் அவற்றை எடுத்துவிடுதல் நலம். இல்லையேல் தானியம் தின்னும் குருவிக்கும் அதுவே ஆசனமாகும்.

நாற்றங்கால், விதைப்பண்ணை முதலிய சிறு பரப்புகளுக்கு வலை விரிக்கலாம். வலையை இழுத்துக் கட்டிப் பயிருக்கு மேல் உயர்த்தி வைக்க வேண்டும். தளர்ந்து கிடக்கும் நைலான் வலையில் குருவி மாத்திரமன்றி, எலியைத் தின்னும் சாரைப்பாம்பும் சிக்கி மாளும். தினமும் வலையைப் பார்வையிடுவது அவசியம்.

கம்பு சாகுபடி செய்வோர் கதிரில் முள்போன்ற மயிர் மிகுந்த ரகத்தைத் தேர்ந்தெடுப்பதால் குருவித் தொல்லையை ஓரளவு குறைக்கலாம்.

7. செய்யத்தகாதவை

கதிரில் விஷம் தெளிப்பதும், விஷம் கலந்த தானியத்தை வரப்பில் இறைப்பதும் பெருங்கேடு. கார்போபியூரான் என்னும் குருணை மருந்தின் ஒரு குருணை, தானியமென்று நினைத்து விழுங்கும் சிறு குருவியைக் கொல்லப் போதுமானது. விஷம் குருவியோடு நிற்பதுமில்லை. செத்த குருவியைத் தின்ற பருந்தும் நாயும் மாளும். வயலில் மேயும் கோழியும் வாத்தும் மாளும். வடியும் நீர் ஏரிக்கும் குளத்திற்கும் செல்லும். எலியைப் பிடிக்கும் ஆந்தையும் பருந்தும் குறைந்த ஊரில் எலிச்சேதம் பெருகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

குருவியைக் கொல்வதால் பயிர் பிழைக்கும் என்னும் எண்ணத்தைப் பிற தேசங்கள் பரீக்ஷித்துப் பார்த்திருக்கின்றன. சீன தேசத்தில் 1958-ஆம் ஆண்டில் சிட்டுக்குருவியை எலி, ஈ, கொசு இவற்றோடு சேர்த்து ஒழிக்கத் தொடங்கினர். ஜனங்கள் தகரமடித்துக் குருவிகளை அமரவொட்டாது விரட்டி, களைத்து விழச்செய்து கொன்றனர். பின்னர் பயிர்ப்பூச்சிகள் பெருகவே, 1960-ஆம் ஆண்டில் ஒழிக்கவேண்டிய பட்டியலிலிருந்து குருவியை நீக்கி, அதற்குப் பதில் மூட்டைப்பூச்சியைச் சேர்த்தனர். அக்காலத்துப் பெரும் பஞ்சத்திற்கு வேறு காரணங்கள் பல உண்டு. ஆயினும் குருவியை அழித்தது உணவைப் பெருக்கவில்லை என்பது தெளிவு. ஆப்பிரிக்காவில் தூக்கணாங்குருவியின் உறவினமாகிய குவேலியா என்னும் பறவை லக்ஷக்கணக்கான கூட்டங்களாய் வந்து சோளத்தையும் கம்பையும் அழிக்கின்றது. விமானத்திலிருந்து மருந்து தெளித்தும் வெடி வைத்தும் பல்லாண்டுகளாகக் கொன்றும் அவ்வினம் குறைந்தபாடில்லை. அந்தந்த வயலைக் காத்த அளவே பலன் கண்டது.

கண்ணி வைத்துச் சில்லைகளைப் பிடித்து விற்பதும் குற்றமாகும். முன்னாட்களில் ஆயிரக்கணக்கான சில்லைகள் கூண்டுப் பறவைகளாக விற்கப்பட்டும் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யப்பட்டும் வந்தன. ராஜஸ்தானத்து அபு மலை முதலிய இடங்களில் வாழ்வதும், இந்தியாவிலன்றி வேறெங்கும் இயல்பாய்க் காணப்படாததுமான பச்சைச் சில்லை, கூண்டு வியாபாரத்திற்காகப் பிடிக்கப்பட்டமையால் மிக அருகிவிட்டது. நெல்வயலில் பெருங்கூட்டமாய் இருப்பதாலேயே ஓரினம் அழியாது என்று நினைத்தலாகாது.

8. கொல்லைக்கும் தோட்டத்திற்கும் வரும் குருவி

அறுத்த நெற்கதிர்களைக் குஞ்சமாகக் கட்டி வாசலில் தொங்கவிட்டுக் குருவிக்கு அளிப்பது தமிழ்நாட்டு வீடுகளில் நெடுநாளைய வழக்கம். கொல்லையில் எலுமிச்சை, மருதாணி முதலிய அடர்ந்த செடிகள் இருந்தால் புள்ளிச் சில்லை அவற்றில் புல்லால் பந்துபோன்ற கூடு கட்டும். கோடைக்காலத்தில் மண்சட்டியில் நீர் வைத்தால் சில்லையும் ஊர்க்குருவியும் குடிக்கவும் குளிக்கவும் வரும்.

இவ்வாறு நீரும் தானியமும் வைப்போர் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் கிரீன்பிஞ்ச் என்னும் பசுங்குருவி உண்டு. அதுவும் விதைதின்னும் பறவையே. பருத்த அலகும், மஞ்சள் கலந்த பசுநிறமும் உடையது. இங்கிலாந்தில் தோட்டங்களில் வைக்கும் தானியத்திற்குக் கூட்டமாய் வந்துகொண்டிருந்த இப்பறவைகளிடையே, 2005-ஆம் ஆண்டில் டிரைக்கோமோனாஸ் என்னும் ஓரணு உயிரால் உண்டாகும் தொண்டை நோய் காணப்பட்டது. நோயுற்ற குருவி விழுங்கமாட்டாது கக்கிய தானியமும், வாய் வைத்த நீரும் மற்றக் குருவிகளுக்கு நோயைப் பரப்பின. சில ஆண்டுகளுக்குள் அத்தேசத்துப் பசுங்குருவிகளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்தது. 2021-ஆம் ஆண்டில் அவ்வினம் அந்நாட்டின் அபாய நிலைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அன்போடு வைத்த தீனித்தட்டே நோய்க்கு வாயிலாயிற்று.

இந்நோய்க்கிருமி உலர்ந்த இடத்தில் பிழையாது. ஆகையால் நீர்ச்சட்டியைத் தினமும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்கு காய்ந்தபின் புதுநீர் ஊற்ற வேண்டும். இரண்டு சட்டிகளை மாற்றி மாற்றி வைப்பது எளிது. ஈரத்தில் ஊறிப் பூசணம் பிடித்த தானியத்தை அப்புறப்படுத்த வேண்டும். புறாவும் அதே நோயைத் தாங்கக்கூடியதாகையால், புறாக்கள் மிகுந்து கூடும் இடத்தில் சட்டியை வைத்தலாகாது. பூனை பதுங்கக்கூடிய செடிமறைவிலிருந்து சில அடி தள்ளி வைப்பதும் அவசியம்.

9. கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் தூக்கணாங்குருவிக்கும் சில்லைகளுக்கும் பாதுகாப்பு அளிக்கின்றன. இவற்றைக் கொல்வதும் பிடிப்பதும் மட்டுமன்றி, முட்டையையும் கூட்டையும் குலைப்பதும் அச்சட்டத்தில் வேட்டையாடுதல் என்னும் சொல்லுக்குள் அடங்கும். வயலிலிருந்து ஒலியாலும் நாடாவாலும் குருவியை ஓட்டுவதற்கும் கொல்வதற்கும் உள்ள பேதத்தை ஊராருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். விஷம் வைத்ததாகத் தெரிந்தால் வனத்துறைக்குத் தாமதமின்றி அறிவித்தல் கடமை.

கோவளம் முதல் பாலாற்று முகத்துவாரம் வரையுள்ள கரையோரத்தில் பனையே தூக்கணாங்குருவியின் முக்கிய இருப்பிடம். மனைப்பிரிவுகளுக்காகப் பனைகள் வெட்டப்படவே, குருவிகள் தந்திக் கம்பிகளிலும் கூடு கட்டும்படி நேரிடுகிறது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதனை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டுமென்று 2021-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் சர்க்கார் அறிவித்தது. அனுமதி கோரும் மனுவின்மீது இடத்தைப் பார்வையிடும் அதிகாரி, மரத்தில் கூடுகள் உண்டா, அவற்றில் குஞ்சுகள் உண்டா என்பதையும் குறித்தனுப்புவது நல்லது. ஏரிக்கரைகளில் புதுப் பனங்கொட்டைகளை ஊன்றுவது, கரைக்கும் பலம், குருவிக்கும் வீடு.

பறவையைக் காப்பது இந்த ஜில்லாவுக்குப் புதியதன்று. வேடந்தாங்கல் ஊரார், தங்கள் ஏரியில் வந்து தங்கும் கொக்கு, நாரை இனங்களின் எச்சம் கலந்த நீர் தங்கள் வயலுக்கு உரமாவதை அனுபவத்தில் கண்டு, அங்கு வேட்டையாடுவதைத் தடுத்தனர். 1790-களில் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் காலத்திலேயே அவர்களுடைய இவ்வுரிமை சர்க்காரால் அங்கீகரிக்கப்பட்டது. வேடந்தாங்கலும் அதனையடுத்த கரிக்கிலியும் 2022-ஆம் ஆண்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் நீர்நிலைகளாக அறிவிக்கப்பட்டன. நாரை நெல்லைத் தின்னாது. ஆகவே அதனைக் காப்பது எளிது. கதிரைத் தின்னும் குருவி விஷயத்தில், விவசாயியின் நஷ்டத்தை ஊரார் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் கூடவே வேண்டும். ஒருங்கே நடவு செய்தலும், பல வயல்களுக்குப் பொதுவில் காவலாள் அமர்த்தலும் அவ்வேற்பாடுகளாம்.

10. சுருக்கம்

(1) பதரைக் கண்டதும் குருவியென்று முடிவு செய்யாது, அடையாளங் கண்டு காரணத்தை அறிக.

(2) ஓரத்தையும் நடுவையும் தனித்தனியே எண்ணிச் சேதத்தை அளந்து, காவற் செலவோடு ஒப்பிடுக.

(3) ஓர் ஆயக்கட்டில் ஒரே வயதுடைய ரகங்களை ஒரே காலத்தில் நடுக.

(4) பால் பிடிக்கும் நாட்களில் காலையும் மாலையும் காவல் செய்க. கருவிகளை இடம் மாற்றுக.

(5) பறவைத் தாங்கிகளை இளம்பயிரில் நட்டு, கதிர் வந்ததும் எடுத்துவிடுக.

(6) விஷம், கண்ணி, கூடு குலைத்தல் இவற்றை அறவே விலக்குக.

(7) குருவிக்கு வைக்கும் நீர்ச்சட்டியைத் தினமும் கழுவிக் காயவைக்க.

வரும் சம்பாப் போகத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் இரண்டு மூன்று விவசாயிகளாவது நான்காம் பகுதியிற் கூறியபடி கதிர்களை எண்ணிக் குறித்துவைத்தால், தங்கள் ஊரில் குருவியால் உண்டாகும் நஷ்டம் இவ்வளவென்று திட்டமாய் அறிவர். நடவுக் காலத்தைக் குறித்துப் பேச ஊரார் கூடும்போது அக்குறிப்பே நல்ல சாட்சியாக உதவும்.